மக்காச்சோளத்துக்கு விலை வைப்பது யார்?

வேளாண் விளைபொருளின் விலையைத் தீர்மானிப்பவை மழை, விளைச்சல், இருப்பு, வாங்குவோரின் தேவை என்பது பொருளியல் மாணவர்கள் முதலாண்டிலேயே படிக்கும் பாடம். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அதைக் கல்லூரியில் நடத்தியவன் நான். ஆனால் இன்று இந்திய மக்காச்சோளத்தின் விலைப்போக்கைப் புரிந்துகொள்ள விரும்பும் ஒருவருக்கு வானிலை அறிக்கை மட்டும் போதாது. எண்ணெய் நிறுவனங்கள் எத்தனாலுக்கு விடுக்கும் ஒப்பந்தப்புள்ளிகளையும், இந்திய உணவுக் கழகம் அரிசிக்கு வைக்கும் விற்பனை விலையையும் அவர் முதலில் படித்தாக வேண்டும். பெரம்பலூரில் மானாவாரி நிலத்தில் மக்காச்சோளம் விதைக்கும் விவசாயியின் வருமானம் புது தில்லியில் எழுதப்படும் எரிபொருள் கொள்கையோடு பிணைக்கப்பட்டுவிட்டது. இந்தப் பிணைப்பு அவருக்கு ஓராண்டு நன்மை தந்தது. மறு ஆண்டு கைவிட்டது. இரண்டும் எப்படி நிகழ்ந்தன என்பதை விளக்கவே இந்தக் கட்டுரை.

பெட்ரோலில் எத்தனால் கலக்கும் திட்டம் நம் நாட்டில் 2003-ஆம் ஆண்டு ஜனவரியில், ஒன்பது மாநிலங்களில் 5% கலப்பு என்ற அளவில் தொடங்கியது. பத்தாண்டுகளுக்குப் பிறகும், 2013-14-இல், கலப்பு 1.53 விழுக்காடாகவே இருந்தது. 2018-ஆம் ஆண்டின் தேசிய உயிரி எரிபொருள் கொள்கை 2030-க்குள் 20% என்று இலக்கு வைத்தது. 2022-இல் அக்கொள்கை திருத்தப்பட்டு, இலக்கு ஆண்டு 2025-26 என முன்னுக்குக் கொண்டுவரப்பட்டது. அதே ஆண்டு ஜூன் மாதத்தில் 10% எட்டப்பட்டது. 2025-இல் 20 விழுக்காடும் எட்டப்பட்டுவிட்டது. அரசுத் திட்டங்கள் கால அட்டவணைக்கு முன்பாக நிறைவேறுவது நம் நாட்டில் அரிது என்பதால் இதைச் சாதனை என்று சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை. கச்சா எண்ணெய்த் தேவையில் பெரும்பகுதியை இறக்குமதி செய்யும் நாட்டுக்கு அந்நியச் செலாவணி மிச்சமாவது சிறிய விஷயமும் அல்ல.

ஆனால், இலக்கை முன்னுக்கு நகர்த்தியபோது அதற்கான மூலப்பொருள் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்குக் கரும்பு என்ற ஒரே விடைதான் பெரும்பாலோர் மனதில் இருந்தது. 2023-இல் அந்த விடை தவறிப்போனது. எல் நினோவின் தாக்கத்தால் மகாராஷ்டிரத்திலும் கர்நாடகத்திலும் மழை பொய்த்தது. சர்க்கரை விலை உயர்ந்துவிடுமோ என்ற அச்சத்தில் 2023 டிசம்பர் 7-ஆம் நாள் கரும்புச் சாற்றிலிருந்து எத்தனால் தயாரிக்க மத்திய அரசு தடை விதித்தது. சில நாள்களில் அத்தடை ஓரளவு தளர்த்தப்பட்டது. அதற்கு முன்பே, ஜூலையில், வடிப்பாலைகளுக்கு அரிசி கொடுப்பதை உணவுக் கழகம் நிறுத்தியிருந்தது. இரண்டு கதவுகளும் சாத்தப்பட்டபோது திறந்திருந்தது மக்காச்சோளக் கதவு மட்டுமே. 2024 ஜனவரியில் மக்காச்சோள எத்தனாலுக்கு லிட்டருக்கு ரூ.5.79 ஊக்கத்தொகை அறிவிக்கப்பட்டு, கொள்முதல் விலை ரூ.71.86 ஆனது. கரும்பு, தானியம் ஆகிய எந்த மூலப்பொருளிலிருந்து வரும் எத்தனாலுக்கும் இவ்வளவு விலை இல்லை.

விளைவு உடனே தெரிந்தது. 2022-23-இல் எத்தனாலுக்குச் சென்ற மக்காச்சோளம் ஏறத்தாழ 8 லட்சம் டன். அடுத்த ஆண்டில் அது ஏறக்குறைய 75 லட்சம் டன். அதற்கும் அடுத்த ஆண்டில் ஒரு கோடி டன்னைத் தாண்டியது. ஆண்டுக்கு நான்கு கோடி டன்னை ஒட்டி விளையும் ஒரு தானியத்தில், இரண்டே ஆண்டுகளில் கால் பங்கை ஒட்டிய புதிய தேவை முளைத்தது. இத்தகைய பாய்ச்சலை இந்திய வேளாண் சந்தைகளில் வேறு எந்தப் பயிரிலும் நான் கண்டதில்லை.

இதைப் பொருளியலில் 'வருவிக்கப்பட்ட தேவை' என்போம். வடிப்பாலைக்கு மக்காச்சோளத்தின் மேல் பாசம் எதுவும் இல்லை. எத்தனாலுக்குக் கிடைக்கும் விலையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, எவ்வளவு கொடுத்தால் கட்டுப்படியாகும் என்று பார்க்கும். ஒரு குவிண்டால் மக்காச்சோளத்திலிருந்து சுமார் 38 லிட்டர் எத்தனால் கிடைக்கும். ரூ.71.86 விலையில் அதன் மதிப்பு ரூ.2,730. கூடவே 30 கிலோ அளவுக்கு, டிடிஜிஎஸ் எனப்படும் புரதச் சத்து மிகுந்த சக்கை, கால்நடைத் தீவனமாக விற்பனையாகும். 2023-24-இல் மக்காச்சோளத்தின் குறைந்தபட்ச ஆதரவு விலை ரூ.2,090. எரிபொருள், நொதிகள், வட்டி, கூலி எல்லாம் போக, ஆதரவு விலைக்கு மேல் சில நூறு ரூபாய் கூடுதலாகக் கொடுத்தும் ஆலை லாபம் பார்க்க முடிந்தது. 2024-இல் நாட்டின் பல சந்தைகளில் மக்காச்சோளம் ஆதரவு விலைக்கு மேலே விற்றதற்கு இந்தக் கணக்கே காரணம். சந்தை விலைக்கு இப்படி ஒரு தரைத்தளத்தை எண்ணெய் நிறுவனங்கள் போட்டுக் கொடுத்தன.

மறுபக்கத்தில் நாமக்கல் இருக்கிறது. முட்டைக்கோழித் தீவனத்தில் சரிபாதிக்கும் மேல் மக்காச்சோளம்தான். எத்தனால் வருவதற்கு முன், நாட்டில் விளையும் மக்காச்சோளத்தில் பெரும்பங்கைக் கோழிகளும் கறவை மாடுகளுமே தின்றன. எஞ்சியதில் ஒரு பகுதி வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் ஏற்றுமதியானது. 2024-இல் நிலைமை தலைகீழானது. ஏற்றுமதி நாடாக இருந்த இந்தியா, மியான்மரிலிருந்தும் உக்ரைனிலிருந்தும் மக்காச்சோளம் வாங்கத் தொடங்கியது. சுமார் ஐந்து லட்சம் டன்னை 15% சலுகை வரியில் இறக்குமதி செய்ய மத்திய அரசே அனுமதி அளித்தது. நாமக்கல் பக்கம் பண்ணை வைத்திருக்கும் என் பழைய மாணவர் ஒருவர் அப்போது தொலைபேசியில் சொன்னார்: "சார், எத்தனால் ஆலைக்கு விலையை அரசாங்கம் எழுதிக் கொடுக்குது. என் முட்டைக்கு யார் எழுதிக் கொடுக்கிறாங்க?" அவருடைய கேள்வியில் நியாயம் உண்டு. உறுதி செய்யப்பட்ட விலையில் விற்பவரும், நாள்தோறும் ஏறி இறங்கும் விலையில் விற்பவரும் ஒரே மூலப்பொருளுக்குப் போட்டியிட்டால் முன்னவரே வெல்வார். தமிழகத்தில் சத்துணவுத் தட்டில் குழந்தைகளுக்கு முட்டை வைக்கிறோம் என்பதால் இது பண்ணையாளரின் சிக்கலோடு நின்றுவிடுவதில்லை.

ஆனாலும், உணவை எரிபொருளாக்குகிறார்களே என்று நகரங்களில் எழும் பொதுவான கூக்குரலில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. இந்தியாவில் மக்காச்சோளம் மனிதர் நேரடியாக உண்ணும் தானியமாக இருப்பது குறைந்த அளவில்தான். நெல்லையும் கரும்பையும் ஒப்பிட்டால் அது குடிக்கும் தண்ணீர் மிகக் குறைவு. பெரம்பலூர், அரியலூர், விளாத்திகுளம் கரிசல் காடுகளில் பருத்தியை விட்டு மக்காச்சோளத்துக்கு மாறியவர்கள் பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையை நம்பியே விதைப்பவர்கள். 2018-இல் படைப்புழு வந்து அவர்களின் பயிரை அழித்ததை இன்னும் அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். புழுவுக்குப் பயந்து, மழைக்கு ஏங்கி, வியாபாரி சொன்ன விலைக்குத் தலையாட்டி வந்தவருக்கு முதன்முறையாக ஒரு நல்ல விலை கிடைத்தபோது, அதை உணவுப் பாதுகாப்பின் பெயரால் குறை சொல்வது அறமாகாது.

எனவே, விலை உயர்ந்தது என் கவலை அல்ல. அந்த உயர்வைத் தந்த கை எவ்வளவு எளிதாக அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடிந்தது என்பதே என் கவலை.

2024-25-இல் உணவுக் கழகத்தின் கிடங்குகளில் அரிசி வரலாறு காணாத அளவுக்குக் குவிந்தது. ஓராண்டுக்கு முன் சாத்திய கதவை அரசு மீண்டும் திறந்தது. 2025 ஜனவரியில் வடிப்பாலைகளுக்கான அரிசி விலை குவிண்டாலுக்கு ரூ.2,800-லிருந்து ரூ.2,250 ஆகக் குறைக்கப்பட்டது. ஒதுக்கீடு பின்னர் 52 லட்சம் டன்னாக உயர்ந்தது. இப்போது மேலே போட்ட அதே கணக்கை அரிசிக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு குவிண்டால் அரிசியில் சுமார் 47 லிட்டர் எத்தனால். அந்த அரிசி எத்தனாலின் கொள்முதல் விலை அப்போது ரூ.58.50; ஆக, மதிப்பு ஏறத்தாழ ரூ.2,750. அரிசி விலையைக் கழித்தால் ஆலையிடம் மிஞ்சுவது ரூ.500. மக்காச்சோளத்திலும் அதே ரூ.500 மிஞ்ச வேண்டுமானால் அதை ரூ.2,230-க்கு வாங்கினால்தான் உண்டு. உபபொருள் வருவாயையும் பதப்படுத்தும் செலவிலுள்ள சிறு வேறுபாடுகளையும் நான் விட்டுவிட்டேன். ஆனாலும் போக்கைக் காட்ட இது போதும். 2025-26-க்கு மக்காச்சோளத்தின் ஆதரவு விலை ரூ.2,400. அதாவது, வேளாண் அமைச்சகம் ஒரு கையால் ரூ.2,400 என்று எழுதிக்கொண்டிருக்க, உணவுத் துறை மறு கையால் சுமார் ரூ.2,230-இல் கூரை போட்டுவிட்டது. இரண்டு கோப்புகளும் ஒரே மேசையில் சந்தித்திருந்தால் இந்த முரண் யாருக்காவது உறைத்திருக்கும்.

எண்ணெய் நிறுவனங்களின் கோணத்திலிருந்து பார்த்தாலும் லிட்டருக்கு ரூ.71.86 கொடுப்பதைவிட ரூ.58.50 கொடுப்பதே அப்போது ஆதாயமாக இருந்தது. ஆனால் அந்த ரூ.58.50 உண்மை விலை அல்ல. அரிசியை நெல்லாக வாங்கி, அரைத்து, ஏற்றி, சேமித்து வைப்பதற்கு உணவுக் கழகத்துக்கு ஆகும் பொருளாதாரச் செலவு கிலோவுக்கு ஏறத்தாழ 40 ரூபாய். வடிப்பாலைக்கு அது அப்போது ரூ.22.50-க்குப் போனது. ஒரு லிட்டர் எத்தனாலுக்கு 2.1 கிலோவுக்குச் சற்று கூடுதலாக அரிசி தேவை என்றால், ஒவ்வொரு லிட்டரிலும் ஏறத்தாழ 37 ரூபாய் உணவு மானியக் கணக்கில் மறைந்திருந்தது. கிடங்கில் மக்கிப்போகும் அரிசிக்கு அந்த விலையாவது கிடைக்கிறதே என்று வாதிடலாம். வாங்கி முடித்த அரிசியைப் பொறுத்தவரை அந்த வாதம் சரிதான். ஆண்டுதோறும் தேவைக்கு மேல் வாங்கி, ஆண்டுதோறும் ஆலைக்கு அனுப்புவது வழக்கமாகிவிட்டால் அந்த வாதம் நிற்காது. நிலத்தடி நீரை உறிஞ்சி பஞ்சாபில் விளைந்த நெல், மானியத்தின் துணையோடு, கர்நாடகத்து மானாவாரி மக்காச்சோளத்தைச் சந்தையிலிருந்து தள்ளுகிறது என்பதே இதன் பொருள்.

2025 நவம்பரில் கர்நாடகத்தின் ஹாவேரி, கதக் மாவட்டங்களில் விவசாயிகள் தெருவுக்கு வந்ததை நாளிதழ்களில் படித்திருப்பீர்கள். நல்ல மழை, கூடுதல் பரப்பு, நல்ல விளைச்சல். முந்தைய ஆண்டின் விலையைப் பார்த்து அவர்கள் விதைத்திருந்தார்கள். சந்தையில் கிடைத்ததோ பல இடங்களில் ரூ.1,600 முதல் ரூ.1,800 வரை. அம்மாநில முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். அந்தச் சரிவுக்கு எத்தனால் கொள்கை மட்டுமே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். விளைச்சல் பெருகினால் விலை இறங்கும். ஆனால் விளைச்சல் பெருகியதற்குக் காரணம் முந்தைய ஆண்டின் கொள்கை; பெருகிய விளைச்சலுக்கு வாங்குபவர் இல்லாமல் போனதில் இந்த ஆண்டின் கொள்கைக்கும் பங்குண்டு. 2025-26 வழங்கல் ஆண்டுக்கு வடிப்பாலைகள் 1,776 கோடி லிட்டர் தர முன்வந்தன; எண்ணெய் நிறுவனங்கள் ஒதுக்கியது சுமார் 1,048 கோடி லிட்டர். வட்டி மானியம் கொடுத்து ஆலைகளைக் கட்டச் சொன்னது அரசு. கட்டி முடித்தபோது 20 விழுக்காட்டுக் கூரை தலையில் இடிக்கிறது.

இந்தக் கூரையை அமெரிக்கர்கள் நமக்கு முன்பே கண்டவர்கள். அங்கு 2005-இல் சட்டமாகி 2007-இல் விரிவாக்கப்பட்ட புதுப்பிக்கத்தக்க எரிபொருள் தரநிலை, மக்காச்சோள எத்தனாலுக்கு ஆண்டுக்கு 1,500 கோடி காலன் வரை இடம் ஒதுக்கியது. இன்று அந்நாட்டு மக்காச்சோளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் எத்தனாலாகிறது. 2005-இல் புஷல் ஒன்றுக்கு இரண்டு டாலரை ஒட்டியிருந்த விலை 2008-இல் ஏழு டாலரைத் தாண்டியது. 2012-இன் கடும் வறட்சியில் எட்டு டாலரைத் தாண்டியது. 2007 ஜனவரியில் மெக்சிகோவில் சோள ரொட்டியின் விலை உயர்வைக் கண்டித்து மக்கள் ஊர்வலம் போனார்கள். மைக்கேல் ராபர்ட்ஸ், வோல்ஃப்ராம் ஷ்லெங்கர் என்ற இரு பொருளியலாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்க எத்தனால் கட்டாயம் முக்கிய உணவு தானியங்களின் விலையைச் சுமார் 30% உயர்த்தியது என்றும், சக்கை தீவனமாகத் திரும்புவதைக் கணக்கில் கொண்டால் அது 20% ஆகும் என்றும் மதிப்பிட்டது.

இதில் நுட்பமான ஒரு செய்தி இருக்கிறது. வறட்சி ஆண்டில் கோழிப் பண்ணையாளர் கோழிகளைக் குறைப்பார். மாவு ஆலை உற்பத்தியைக் குறைக்கும். சட்டத்தால் கட்டாயப்படுத்தப்பட்ட எரிபொருள் தேவை மட்டும் விலை எவ்வளவு ஏறினாலும் எளிதில் குறையாது. நெகிழாத தேவை சந்தைக்குள் நுழையும்போது பற்றாக்குறையின் முழுச் சுமையும் மற்றவர்கள் தலையில் இறங்குகிறது. நல்ல விளைச்சல் ஆண்டிலோ அதே கட்டாயம் கூரையாக மாறிவிடுகிறது: குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஒரு லிட்டரும் வேண்டாம் என்கிறது. அமெரிக்காவில் 10% கலப்பு எங்கும் பரவிய பிறகு பெட்ரோல் பயன்பாடே தேங்கிப்போனது. மக்காச்சோள விவசாயிகளின் அமைப்புகள் இப்போது ஆண்டு முழுவதும் 15% கலப்பு, விமான எரிபொருள், ஏற்றுமதி என்று புதிய வாசல்களைத் தட்டுகின்றன. அவர்கள் தட்டும் வாசல்களில் நம்முடையதும் ஒன்று. 140 கோடி மக்கள் கொண்ட இந்தியா ஒரு புஷல் அமெரிக்க மக்காச்சோளம்கூட வாங்குவதில்லையே என்று அந்நாட்டு வணிக அமைச்சர் ஹோவர்ட் லட்னிக் 2025 செப்டம்பரில் குறைபட்டுக்கொண்டார். மரபணு மாற்றிய மக்காச்சோளத்தை எத்தனாலுக்காக மட்டும் இறக்குமதி செய்யலாம் என்று யோசனை கூறிய நீதி ஆயோக்கின் ஆய்வறிக்கை அதே ஆண்டில் வெளிவந்து, பின்னர் திரும்பப் பெறப்பட்டது. அயல்நாட்டு எண்ணெய்க்குப் பதிலாக அயல்நாட்டுத் தானியத்தை எரிப்பதற்கு எரிசக்தித் தற்சார்பு என்று பெயர் வைப்பது, என் போன்றவர்களுக்குக் கொஞ்சம் சிரமமாக இருக்கிறது.

சக்கை விவகாரத்தையும் சொல்லிவிட வேண்டும். மக்காச்சோளமும் அரிசியும் பெருமளவில் வடிக்கப்பட்டதால் டிடிஜிஎஸ் மலிந்தது. தீவன ஆலைகள் சோயாப் பிண்ணாக்கைக் குறைத்து அதைச் சேர்க்கின்றன. சமையல் எண்ணெய் இறக்குமதியால் ஏற்கெனவே நலிந்திருந்த மத்தியப் பிரதேச, மகாராஷ்டிர சோயா விவசாயிகள் 2024-25-இல் ஆதரவு விலையான ரூ.4,892-க்குக் கீழே விற்க நேர்ந்ததில் இதற்கும் ஒரு பங்கு உண்டு. ஒரு பயிருக்குக் கைகொடுக்கும்போது இன்னொரு பயிரின் காலை மிதிக்கிறோமா என்று பார்க்கும் ஏற்பாடு நம்மிடம் இல்லை.

பிரேசிலைப் பார்க்கலாம். எத்தனாலில் ஐம்பது ஆண்டு அனுபவம் அதற்கு உண்டு. அங்கு கலப்பு விகிதத்துக்குச் சட்டம் ஒரு வரம்பைத் தருகிறது. அந்த வரம்புக்குள் விளைச்சலையும் விலையையும் பார்த்து அரசு ஏற்றி இறக்குகிறது. கரும்பு குறைந்த ஆண்டுகளில் விகிதம் குறைக்கப்பட்டிருக்கிறது. 2025 ஆகஸ்டில் அது 30% ஆக உயர்த்தப்பட்டது. 2003 முதல் புழக்கத்தில் உள்ள இருவகை எரிபொருள் வாகனங்களால், எத்தனால் விலை பெட்ரோல் விலையில் ஏறத்தாழ 70 விழுக்காட்டுக்கு மேல் போனால் வாகன ஓட்டியே பெட்ரோலுக்கு மாறிக்கொள்கிறார். தானியத்துக்குத் தட்டுப்பாடு வந்தால் தேவை தானாகவே சுருங்குகிறது. இங்கே நமக்கு 20% என்பது மாறாத எண். பெட்ரோல் நிலையத்தில் வேறு தேர்வும் இல்லை. கலப்பு ஓராண்டு 17 விழுக்காடாகக் குறைந்தால் அதைத் தோல்வி என்று எதிர்க்கட்சிகள் எழுதும் என்ற அச்சம் ஆட்சியாளர்களுக்கு இருக்கலாம். பற்றாக்குறை ஆண்டில் தானியத்தைத் தீவனத்துக்கும் உணவுக்கும் விட்டுக்கொடுப்பதைத் தோல்வியாகக் கருதாத பக்குவம் இரு தரப்புக்கும் வேண்டும்.

இருபதுக்கு மேல் போகலாமா என்ற பேச்சு இப்போது எழுந்துள்ளது. போகலாம், போகக் கூடாது என்று சொல்லும் முன் செய்ய வேண்டிய சில வேலைகள் இருக்கின்றன. ஆலைகளுக்குக் கொடுக்கும் அரிசியின் விலையை மக்காச்சோள ஆதரவு விலையோடு சேர்த்து ஒரே அமர்வில் முடிவு செய்ய வேண்டும். அரிசி எத்தனாலில் மறைந்திருக்கும் மானியத்தை வரவு செலவுத் திட்டத்தில் வெளிப்படையாகக் காட்ட வேண்டும். ரூ.71.86 வாங்கும் ஆலை விவசாயிக்கு ஆதரவு விலையாவது கொடுத்ததற்கான சான்றைக் கேட்க வேண்டும். கரும்பு விவசாயிக்குச் சட்டப்படி ஒரு நியாய விலை உண்டு. மக்காச்சோள விவசாயிக்கு அப்படி எதுவும் இல்லை. எத்தனால் விலையை ஆதரவு விலையோடு இணைத்து உயர்த்திக் கேட்கும் ஆலைகள், வாங்கும்போது அந்த ஆதரவு விலையை மறந்துவிடுவது வழக்கமாகியிருக்கிறது.

எல்லாவற்றையும்விட எளிதானது நாள்காட்டியை மாற்றுவது. எத்தனால் வழங்கல் ஆண்டு நவம்பரில் தொடங்குகிறது. எந்த மூலப்பொருளுக்கு எவ்வளவு ஒதுக்கீடு என்பது அக்டோபர் வாக்கில்தான் தெரியவருகிறது. வட கர்நாடகத்தில் அப்போது பயிர் அறுவடைக்கு நிற்கிறது. பெரம்பலூரில் புரட்டாசி மழைக்கு விதை மண்ணுக்குள் போய்விட்டது. மே மாதத்திலேயே, முதல் மழைக்கு முன், வரும் ஆண்டில் மக்காச்சோளத்திலிருந்து இத்தனை கோடி லிட்டர், அரிசியிலிருந்து இத்தனை கோடி லிட்டர் என்று எண்ணெய் நிறுவனங்கள் அறிவித்துவிட்டு, அந்த அறிவிப்பை இடையில் மாற்றாமல் இருந்தால் போதும். இதற்குக் கூடுதலாக ஒரு ரூபாயும் செலவாகாது. எந்தப் பயிரை எத்தனை ஏக்கரில் போடுவது என்பதை அதன் பிறகு விவசாயி முடிவு செய்துகொள்வார்.